எபிஃபானெஸ் கிளியர் வார்னிஷ்: கெட்டியான சரக்கு, நிதானமான கை வேண்டும்

மரப்படகுகளுக்கு அடிக்கும் எபிஃபானெஸ் கிளியர் வார்னிஷ், நெதர்லாந்தின் ஆல்ஸ்மேர் ஊரில் 1902-இலிருந்து இயங்கிவரும் நிறுவனத்தின் தயாரிப்பு. ஆல்ஸ்மேர் என்றதும் பெரும்பாலோருக்குப் பூ ஏலம்தான் நினைவுக்கு வரும். ஊரை ஒட்டியே வெஸ்தைண்டர் ஏரிகள் இருக்கின்றன. கரை நெடுகப் படகுத்துறைகள். மரப்படகுகளுக்கு நடுவே வளர்ந்த சரக்கு இது என்பது டப்பாவைத் திறந்ததுமே தெரிந்துவிடும். நல்ல பொன்பழுப்பு நிறம். குச்சியை விட்டுத் தூக்கினால் தேன் மாதிரி இழையாக இறங்கும். இந்தக் கெட்டித்தன்மைதான் இதன் பலம். அவசரக்காரர்களுக்கு இதுவே தொல்லையும் ஆகும்.

உள்ளே இருப்பது டங் எண்ணெய் (டங் மர விதையிலிருந்து எடுப்பது), ஃபினாலிக் பிசின் சேர்த்த ஆல்கிட் என்ற செயற்கைப் பிசின், புற ஊதாக் கதிரை மட்டுப்படுத்தும் சேர்மானம். மூன்றுக்கும் தனித்தனி வேலை. டங் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகும். இறுகிய பிறகும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மரம் ஈரத்தில் ஊதி வெயிலில் சுருங்கும்போது கூடவே அசையும் படலம்தான் படகில் நிற்கும். ஃபினாலிக் பிசின் தண்ணீரைத் தாங்கும். மூன்றாவது சேர்மானம் வெயிலோடு போராடி, நாளடைவில் தானே தீர்ந்துபோகும். அதனால்தான் எந்த வார்னிஷும் ஒருமுறை அடித்துவிட்டு மறந்துவிடக்கூடியதாக இருப்பதில்லை.

கதவு, ஜன்னலுக்கு அடிக்கும் சாதாரண கிளியர் வார்னிஷைப் படகுக்கு அடித்தால் என்ன ஆகும் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். வெயில் படலத்தை ஊடுருவி மரத்தின் மேல்தோலைத் தாக்கும். அங்கே நாரைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் சிதைந்து, நார் சாம்பல் நிறமாகிப் பிடிமானம் இழக்கும். படலம் நன்றாகவே இருக்கும். அது பற்றிக்கொண்டிருந்த மரம் கைவிட்டுவிடும். பிறகு காகிதம் போல உரிந்து வரும். வீட்டுத் தரைக்கு அடிக்கும் கடினமான பாலியூரித்தேனும் இதே கதிக்குத்தான் ஆளாகும்: தரையில் அதற்குப் பலமாக இருந்த விறைப்பு, ஊதிச் சுருங்கும் பலகையின் மேல் பலவீனமாகிவிடும்.

ஆகவே படகில் வார்னிஷின் கனம்தான் பாதுகாப்பு. கணக்கு எளிது. பிரஷால் சீராக இழுத்தால் ஒரு லிட்டர் 13 முதல் 15 சதுர மீட்டர் வரை பிடிக்கும். அப்படியானால் ஈரமாக இருக்கும்போது படலம் 70 மைக்ரானை ஒட்டி இருக்கும். கரைப்பான் ஆவியானதும் பாதியோ அதற்குச் சற்றுக் குறைவோதான் மிஞ்சும், அதாவது 30 மைக்ரான் அளவு. அடுத்த கோட்டுக்கு முன் உப்புத்தாள் போடும்போது அதிலும் ஒரு பகுதி தூளாகப் போய்விடும். ஏழு கோட் அடித்த படகிலும் கடைசியில் நிற்பது 120, 150 மைக்ரான்தான். "மூன்று கோட் அடித்தாலே பளபளக்கிறதே, போதாதா?" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். மூன்று கோட்டில் பளபளப்பு வந்துவிடும், பாதுகாப்பு வராது. மெல்லிய வார்னிஷில் ஒன்பது கோட் கேட்கும் கனத்தை எபிஃபானெஸ் ஆறேழு கோட்டில் கொடுத்துவிடுகிறது. விலை கூடுதலாக இருந்தும் மரப்படகுக்காரர்கள் இதையே தேடுவது அதனால்தான்.

வாங்குவதற்கு முன் அளவு போட்டுக்கொள்ளுங்கள். மேல்தளம், பின்பலகை, விளிம்புச் சட்டங்கள் எல்லாம் சேர்த்து 6 சதுர மீட்டர் வார்னிஷ் பரப்புள்ள சிறு பாய்ப்படகு என்று வைத்துக்கொள்வோம். பிரஷிலும் கிண்ணத்திலும் தங்குவதையும் சேர்த்தால் முழுக் கோட் ஒன்றுக்கு அரை லிட்டர் போகும். முதல் இரண்டு மூன்று கோட்டில் தின்னர் அதிகம் என்பதால் வார்னிஷ் குறைவாகச் செலவாகும். ஏழு கோட்டுக்கு 3 லிட்டர் வார்னிஷும் ஒரு லிட்டர் தின்னரும் போதும். டப்பா 500 மில்லியிலும் 1 லிட்டரிலும் கிடைக்கிறது. கடைசி இரண்டு கோட்டுக்கு உரியதை 500 மில்லி டப்பாவாக வாங்குவது நல்லது. காரணம் பின்னால் வருகிறது. தின்னரை மட்டும் கண்டதை வாங்காதீர்கள். பிரஷ் வேலைக்கென்று அதே நிறுவனம் விற்கும் தின்னர் மெதுவாக ஆவியாகும். படலம் தானாகச் சமன்பட நேரம் கிடைக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கான) தின்னர் சட்டென்று பறந்துவிடும், பிரஷ் கோடு அப்படியே உறைந்துபோகும்.

இனி மரம். வழவழப்பு வேண்டுமென்றால் முக்கால்வாசி வேலை வார்னிஷ் டப்பாவைத் திறக்குமுன்பே முடிந்திருக்க வேண்டும்.

கொண்டி, கிளாம்ப், கப்பி என்று கழற்ற முடிந்த எல்லா உலோகச் சாமான்களையும் கழற்றிவிடுங்கள். அவற்றைச் சுற்றி டேப் ஒட்டி அடிப்பது நேரத்தை மிச்சப்படுத்துவது போலத் தோன்றும். ஆனால் படகில் வார்னிஷ் முதலில் விட்டுப்போகும் இடம் ஆணித்துளையைச் சுற்றித்தான். துளை வழியாக இறங்கும் தண்ணீர் படலத்துக்கு அடியில் பரவும். முதலில் வெளிறிய திட்டு, பிறகு கருப்பு, பிறகு உரிசல். துளையின் உட்பக்கத்திலும் வார்னிஷ் தொட்டுவிட்டு, சாமானைத் திரும்பப் பூட்டும்போது சீலன்ட் வைத்து முடுக்க வேண்டும்.

அடுத்தது முனைகள். கூரான விளிம்பில் வார்னிஷ் நிற்காது. பரப்பு இழுவிசை அதை இரு பக்கமும் இழுத்துவிடும். விளிம்பில் மெல்லிய தோல்தான் மிஞ்சும். எல்லா முனைகளையும் 3 மில்லிமீட்டர் அளவுக்காவது உருட்டிவிட வேண்டும். முதல் மூன்று கோட் முடிந்ததும் முனைகளுக்கு மட்டும் ஒரு கை தனியாக அடிப்பவர்கள் உண்டு. செய்யவேண்டிய வேலைதான்.

பழைய வார்னிஷ் உரிந்திருந்தால், உரிந்த இடத்தை மட்டும் ஒட்டுப் போடுவதா, எல்லாவற்றையும் எடுப்பதா என்ற கேள்வி வரும். நகத்தால் நெம்பினால் ஓரம் தூக்குகிறதா என்று பாருங்கள். அங்கங்கே தூக்கினால் முழுவதையும் எடுப்பதே மிச்சம். ஹீட் கன்னும் கூரான சுரண்டியும் போதும். கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே, வார்னிஷ் கொப்புளித்ததும் நார்வாக்கில் இழுக்க வேண்டும். சுரண்டியின் இரு மூலைகளையும் முன்கூட்டியே அரத்தால் மழுக்கிவிட்டால் மரத்தில் கீறல் விழாது.

கருப்புக் கறை இருக்கும். ஓக்கில் நிச்சயம் இருக்கும். டச்சுத் தட்டையடிப் படகுகளின் இரு பக்கமும் தொங்கும் பெரிய ஓக் பலகைகளில் இரும்புப் பூட்டைச் சுற்றி மை கொட்டியது போலப் படர்ந்திருக்கும். மரத்திலுள்ள டானினும் இரும்பும் ஈரத்தில் கலந்து உண்டாவது இது. உப்புத்தாளால் தேய்த்து எடுக்கப் பார்த்தால் பலகையில் குழி விழும், கறை போகாது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 100 கிராம் ஆக்ஸாலிக் ஆசிட் கரைத்து, கறையில் மட்டும் பூசாமல் பலகை முழுவதும் பூசுங்கள். திட்டுத்திட்டாகப் பூசினால் வெளுப்பும் திட்டுத்திட்டாகத் தெரியும். கறை மங்கியதும் நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, நன்றாகக் காய விட வேண்டும். அந்த ஆசிட் நச்சு. கையுறை, கண்ணாடி கட்டாயம். காய்ந்த தூளை முகமூடி இல்லாமல் தேய்க்கக் கூடாது.

மரத்துக்கு உப்புத்தாள் 80, 120, 180 என்ற வரிசையில் போதும் (எண் ஏற ஏறத் தாள் மென்மை). ஒவ்வொன்றும் முந்தியதன் கீறலை முழுக்க அழிக்க வேண்டும். 80-இலிருந்து ஒரே தாவாக 180-க்குப் போனால் பழைய கீறல் அடியில் கிடக்கும், முதல் கோட் விழுந்ததும் வெள்ளைக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். 220-ஐத் தாண்டி மரத்தைத் தீட்டவும் வேண்டாம். முதல் கோட்டுக்குப் பிடிமானம் வேண்டும். எப்போதும் நார்வாக்கில்தான், தக்கைக் கட்டையில் சுற்றித்தான். வெறும் விரலால் தேய்த்தால் மென்மையான நார் பள்ளமாகி, பலகை அலை அலையாகும். ஸ்டீல் உல் (இரும்பு நார்ப்பஞ்சு) பக்கமே போகாதீர்கள். அதன் துகள் ரேகைக்குள் சிக்கி, சில வாரங்களில் துருப்புள்ளியாக மேலே வரும்.

மஹாகனியில் ரேகைத் துளைகள் பெரிது. அவற்றை வார்னிஷாலேயே நிரப்பலாம், ஆனால் இரண்டு மூன்று கோட் அதற்கே போய்விடும். நிறம் கலந்த ரேகை நிரப்பியைத் தின்னரில் குழைத்துப் பூசி, பளபளப்பு மங்கியதும் சாக்குத்துணியால் நாருக்குக் குறுக்காகத் துடைத்தெடுத்தால் வேலை குறையும். தேக்குக்கு வேறு கவனம் வேண்டும். அதன் எண்ணெய் மேலே வந்துகொண்டே இருக்கும். முதல் கோட்டுக்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, அது பறந்ததும் அடிக்க வேண்டும். முந்தின நாளே துடைத்து வைத்தால் பயனில்லை.

அடியில் எபாக்ஸி (இரண்டு கூறு கலந்து இறுகும் பிசின்) பூசியிருந்தால் ஓர் எச்சரிக்கை. எபாக்ஸி வெயிலில் வெளுத்துப் பொடியாகும் என்பதால் மேலே வார்னிஷ் அவசியம், இரண்டும் சேர்ந்தால் நல்ல ஜோடி. ஆனால் பல எபாக்ஸிகள் இறுகும்போது மேலே மெழுகு போன்ற ஓர் அமீன் படிவு வரும். அது தின்னரில் போகாது. தண்ணீரும் பச்சை நார்ப்பஞ்சும் வைத்துத் தேய்த்தால் போகும். அதைக் கழுவாமலோ எபாக்ஸி முழுதாக இறுகாமலோ வார்னிஷ் அடித்தால், நாள்கணக்கில் பிசுபிசுவென்று கிடக்கும். வார்னிஷ் மட்டம் என்று குறைசொல்லுவார்கள். வார்னிஷ் மேல் தப்பே இருக்காது.

இப்போது டப்பாவுக்கு வருவோம். குலுக்கக் கூடாது. குலுக்கினால் நுண்ணிய காற்றுக்குமிழ் நிறையும். இவ்வளவு கெட்டியான வார்னிஷில் அவை லேசில் வெளியேறாது. தட்டையான குச்சியால் அடியிலிருந்து மெதுவாகக் கிளறினால் போதும். டப்பாவுக்குள் பிரஷைத் தொடவே விடக்கூடாது. அன்றைக்கு வேண்டியதை மட்டும் பெயிண்ட் வடிகட்டியில் ஊற்றிக் கிண்ணத்தில் எடுங்கள், மூடியை உடனே மூடுங்கள். டங் எண்ணெய் காற்று பட்டால் ஏடு கட்டும். பாதி காலியான டப்பா என்றால் பாதி காற்று. அடுத்த வாரம் திறக்கும்போது மேலே தோலும், கிளறினால் உள்ளே துணுக்குகளும் இருக்கும். அந்தத் துணுக்கு கடைசிக் கோட்டில் விழுந்தால் மணல் போல நெருடும். கடைசிக் கோட்டுக்குப் புது 500 மில்லி டப்பா என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

தின்னர் அளவு: முதல் கோட்டுக்கு வார்னிஷும் தின்னரும் சரிபாதி. இது மரத்துக்குள் இறங்கி வேர்பிடிக்கும் கோட். காய்ந்ததும் பார்க்க ஒன்றுமே அடிக்காதது போலத் திட்டுத்திட்டாக இருக்கும், கவலைப்பட வேண்டாம். இரண்டாவதில் தின்னர் கால் பங்கு. மூன்றாவதில் 15 சதவீதம். நான்கிலிருந்து 5 முதல் 10 சதவீதம். தின்னரே இல்லாமல் நேராக டப்பாவிலிருந்து அடிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. 15 டிகிரி குளிரில், செங்குத்தான பக்கப்பலகையில் அப்படி அடித்தால் பிரஷ் இழுபடும், கோடு அடங்காது, கீழ்ப்பக்கம் திரை போலத் தொங்கும். 5 சதவீதம் என்பது 200 மில்லிக்கு 10 மில்லிதான். மருந்துக் குப்பியின் அளவுமூடி போதும். கண்ணளவாக ஊற்றினால் ஒவ்வொரு கிண்ணமும் ஒவ்வொரு மாதிரி ஓடும்.

பிரஷ் இரண்டு அல்லது இரண்டரை அங்குலம். பேட்ஜர் என்ற விலங்கின் முடியில் செய்த பிரஷ் சிறந்தது. நல்ல சைனா பிரிசிலும் (பன்றிமுடி) போதும். பெயிண்டுக்குப் பயன்படுத்திய பிரஷை வார்னிஷுக்கு எடுக்கவே கூடாது, எவ்வளவு கழுவினாலும் அடிக்கட்டிலிருந்து பழைய நிறம் துகளாக வரும். ஸ்பான்ஞ் பிரஷ் மலிவு, தட்டையான பரப்பில் அருமையாக இழுக்கும், வேலை முடிந்ததும் எறிந்துவிடலாம். ஆனால் எபிஃபானெஸின் கெட்டிக்கு அதில் 10 சதவீதம் தின்னர் கேட்கும். நீளமான பக்கப்பலகைக்கு இரண்டு ஆள் இருந்தால், ஒருவர் மெல்லிய ஸ்பான்ஞ் ரோலரில் தேய்த்துப் போக, மற்றவர் பின்னாலேயே பிரஷ் நுனியால் வருடி வருவது வேகமான வழி. படலமும் சீராக விழும்.

கை வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பிரஷை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோய்க்க வேண்டாம். கிண்ணத்தின் விளிம்பில் வழித்தெடுக்காதீர்கள். வழிக்கும்போது உண்டாகும் குமிழ் திரும்பக் கிண்ணத்துக்குள்ளேயே விழும். உள்சுவரில் லேசாகத் தட்டினால் போதும். ஏற்கெனவே ஈரமாக இருக்கும் ஓரத்திலிருந்து ஓரடி தள்ளி, காய்ந்த பரப்பில் பிரஷை வைத்து ஈரத்தை நோக்கி நார்வாக்கில் பரப்புங்கள். பிறகு குறுக்காக ஓர் இழுப்பு, கனம் சமமாக. கடைசியாக, வார்னிஷ் தொடாத பிரஷின் நுனியால், பிரஷின் எடை மட்டும் படும்படி, மறுபடி நார்வாக்கில் காய்ந்த பக்கத்திலிருந்து ஈரத்துக்கு வருடி, ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே தூக்கிவிட வேண்டும். நிறுத்தித் தூக்கினால் அங்கே ஒரு மேடு நிற்கும். எதிர்வெளிச்சத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தால் பிரஷ் கோடுகள் இரண்டு மூன்று நிமிடத்தில் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று கலந்து மறைவது தெரியும். மறையவில்லை என்றால் தின்னர் போதாது, அல்லது பலகை சூடாக இருக்கிறது. விட்டுப்போன இடங்களும் அதே சாய்ந்த பார்வையில்தான் மங்கலாகத் தெரியும்.

ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பிப் போய்ப் பாருங்கள். பலகையின் கீழ்முனை, மூலைகள், ஆணித்துளையின் அடி, இந்த மூன்று இடத்திலும் துளி திரளும். பிரஷின் மூலையால் ஒரே ஒருமுறை தொட்டு எடுக்கலாம். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகிவிட்டால் எதையும் தொடாதீர்கள், கொசு உட்கார்ந்தாலும் சரி. தோல் கட்டத் தொடங்கிய வார்னிஷைத் தொட்டால் சின்னக் குறை பெரிய காயமாகும். வழிந்து தொங்கியதை மறுநாள் தேய்க்கவும் கூடாது. மேலே தோல், உள்ளே பிசின், உப்புத்தாள் அதைக் கிழித்து இழுக்கும். இரண்டு மூன்று நாள் விட்டு, கூரான பிளேடால் மேட்டை மட்டும் சீவி, பிறகு கட்டை வைத்துத் தேய்ப்பதே முறை.

20 டிகிரியில் கோட்டுக்கும் கோட்டுக்கும் 24 மணி நேரம். குளிர் கூடினால் 48. நேரத்தைவிட நம்பகமான சோதனை உப்புத்தாள்தான்: வெள்ளை மாவாக உதிர்ந்தால் காய்ந்திருக்கிறது, தாளில் உருண்டை உருண்டையாக ஒட்டினால் இன்னொரு நாள் விட வேண்டும். 10 டிகிரிக்குக் கீழேயும், ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேலேயும் அடிப்பது வீண்வேலை.

வழவழப்பு என்று எல்லோரும் தேடுவது உண்மையில் இந்த இடைத்தேய்ப்பில்தான் உண்டாகிறது. நான்காவது கோட்டிலிருந்து 220, பிறகு 320, கடைசிக் கோட்டுக்கு முன் 400 வாட்டர் பேப்பர், தண்ணீர் தொட்டு. கட்டையை வைத்துத் தேய்த்துவிட்டுத் துடைத்துப் பாருங்கள்: மேடான இடமெல்லாம் மங்கியிருக்கும், நடுவே சின்னச் சின்னப் பளபளப்புத் தீவுகள் தெரியும். அவைதான் பள்ளங்கள். அந்தத் தீவுகளையும் மங்கவைக்கிறேன் என்று விரலை விட்டு நோண்டினால் பள்ளம் இன்னும் ஆழமாகும். தீவுகள் நிறைய இருந்தால் இன்னொரு கோட் அடித்துவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். பரப்பு முழுவதும் ஒரே மங்கலாக, ஒரு புள்ளி பளபளப்பும் இல்லாமல் வந்த பிறகுதான் கடைசிக் கோட். அப்படி வந்துவிட்டால் பத்து ரூபாய் பிரஷில் அடித்தாலும் கண்ணாடி மாதிரி விழும். தேய்க்கும்போது முனைகளில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டே இழுப்பில் மரம் தெரிந்துவிடும்.

தூசு விஷயத்தில் வாக்குவம் முதலில், தின்னர் நனைத்த பஞ்சிழை விடாத துணி அடுத்து, அடிப்பதற்குச் சற்றுமுன் பிசின்துணி (தூசு ஒட்டிக்கொள்ளப் பிசின் ஏற்றிய துணி). பிசின்துணியை மேலாக மிதக்கவிட வேண்டும். அழுத்தினால் அதன் பிசின் மரத்தில் ஒட்டி, வார்னிஷ் அங்கங்கே வட்டமாக விலகிக் கண் திறந்தது போல நிற்கும். சிலிக்கான் பாலிஷ், ஸ்பிரே போட்ட கையாலோ துணியாலோ தொட்டாலும் இதே கோளாறு வரும். ஷெட்டின் தரையை நனைத்துவைத்தால் தூசு எழாது. தண்ணீர் தேங்கினால் ஈரப்பதம் ஏறும், அதனால் தெளிப்பதோடு நிறுத்துங்கள். வார்னிஷ் பூசும் அன்று அதே ஷெட்டில் வேறு யாரும் உப்புத்தாள் எடுக்கக் கூடாது.

தொட்டால் கையில் ஒட்டாத பதத்துக்கு வார்னிஷ் வந்ததும் மாஸ்கிங் டேப்பை அன்றே எடுத்துவிடுங்கள். வெயிலில் நின்ற டேப் பசையைக் கக்கும். பெயிண்ட் பக்கம் ஒரு மில்லிமீட்டர் ஏறி வார்னிஷ் விழும்படி டேப் ஒட்டினால் அந்தச் சந்து தண்ணீருக்கு அடைபடும்.

சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் மாதிரி வெக்கையான கரைகளில் இதே வார்னிஷ் அடிப்பவர்கள் சில மாற்றங்கள் செய்தாக வேண்டும். 32 டிகிரியில் ஈர ஓரம் சீக்கிரம் இறுகிவிடும். தின்னரை 10 சதவீதமாக்கி, ஒருமுறைக்கு அரைமீட்டர் நீளம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கூரை நிழல் கட்டாயம். காலை வெயில் ஏறஏற மரத்தின் துளைகளிலுள்ள காற்று விரிந்து முதல் கோட்டைக் குமிழாக்கும். ஆகவே முதல் இரண்டு கோட்டையும் வெப்பம் இறங்கத் தொடங்கும் பிற்பகலில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பனி விழுவதற்கு நான்கு மணி நேரம் முன்னதாகவாவது முடித்துவிட வேண்டும். ஈர வார்னிஷ் மேல் பனி இறங்கினால் பளபளப்பு செத்து, பால் பூத்தது போலாகும். பிந்தைய கோட்டுகளுக்குக் காலை ஏழரை, எட்டு மணி, ஈரம் காய்ந்ததும். கடற்காற்றில் உப்பு படியும். உப்புத்தாள் எடுக்குமுன் நல்ல தண்ணீரில் கழுவியே ஆக வேண்டும். உப்புப் படிகம் அடியில் சிக்கினால் ஈரத்தை இழுத்துக் கொப்புளம் போடும்.

மற்ற சரக்குகளோடு வைத்துப் பார்த்தால்: இன்டர்நேஷனல் நிறுவனத்தின் ஸ்கூனரும் டங் எண்ணெய் வார்னிஷ்தான்; இதைவிட இளக்கம், கைக்கு எளிது. புதிதாகப் பிரஷ் பிடிப்பவருக்கு அது தோதாக இருக்கும், கனம் சேர்க்க மட்டும் கூடுதல் கோட் வேண்டும். ஆல்வுட் முற்றிலும் வேறு ஜாதி. காற்றின் ஈரத்தில் இறுகும், வேகமாக அடுக்கலாம், வெயிலில் நீண்ட நாள் நிற்கும். ஆனால் அதற்கெனத் தனி பிரைமர் வேண்டும், சின்னக் காயத்தை ஒட்டுப் போடுவதும் கடினம். எபிஃபானெஸிலேயே வுட் ஃபினிஷ் கிளாஸ் என்று ஒன்று இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் அடுத்த கோட் அடித்தால் இடையில் உப்புத்தாள் தேவையில்லை. மூன்று நான்கு கோட்டை அதில் ஏற்றி, தேய்த்துச் சமன்செய்து, மேல் இரண்டு மூன்றைக் கிளியர் வார்னிஷில் முடிப்பது உழைப்பை நிறைய மிச்சப்படுத்தும். எங்கள் பரிந்துரையும் அதுதான். கிளியர் வார்னிஷின் ஆழமான பளபளப்பு அதற்கு இல்லை. ஆகவே முழுவதும் அதிலேயே முடிக்க வேண்டாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மெதுவாகக் காயும். ஒவ்வொரு கோட்டுக்கும் தேய்ப்பு கேட்கும். ஏடு கட்டும். பொன்பழுப்பு நிறம் மஹாகனியில் உயிர் கொடுக்கும். வெளிர் நிறமான ஸ்புரூஸ் பாய்மரத்தில் மஞ்சள் தூக்கும், சிலருக்கு அது பிடிக்காது. தளத்தில் நடக்கும் இடத்துக்கு இது தோதில்லை, நனைந்தால் வழுக்கும்.

படகை இறக்கிய பிறகு மெழுகோ சிலிக்கான் பாலிஷோ போடாதீர்கள், அடுத்த வருஷக் கோட் பிடிக்காது. நல்ல தண்ணீர், மென்மையான துணி போதும். வட ஐரோப்பாவில் வருஷம் ஒருமுறை 320-இல் தேய்த்து ஒன்றோ இரண்டோ கோட். வெப்பக் கரைகளில் வருஷம் இரண்டு முறை. பளபளப்பு மங்கத் தொடங்கும்போதே அடிக்க வேண்டும். உரியத் தொடங்கிய பிறகு என்றால் மறுபடி ஹீட் கன்னிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். இடையில் எங்காவது அடிபட்டு மரம் தெரிந்தால் அந்த வாரமே, காய்ந்த நிலையில், பாதி தின்னர் கலந்து ஒரு தொடு, பிறகு இரண்டு மூன்று தொடு கொடுத்து மூடிவிடுங்கள்.

வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிவது ஆபத்து. டங் எண்ணெய் இறுகும்போது வெப்பம் வரும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தங்கித் தானே தீப்பிடிக்கும். துணியை வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகரடப்பாவில் போட்டு மூடி வையுங்கள். மீந்த வார்னிஷைச் சின்னக் கண்ணாடி ஜாடியில் கழுத்துவரை நிரப்பி, மூடியில் கோட் எண்ணிக்கையும் தேதியும் எழுதி வைத்தால் அந்தப் பருவத்தின் ஒட்டுவேலைக்கு ஆகும்.